சொல்லிக்காட்டு அக்கா

ஒருவருடைய குறையை அவருக்கே தெரியாதபடி மூடிக் காப்பது உதவியா, இல்லை, அவருக்குச் சேரவேண்டிய எதையோ நைசாக எடுத்து நம்மிடம் வைத்துக்கொள்வதா? சொல்லிக்காட்டு அக்காவின் வாழ்க்கையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. முதலில் வந்திருக்கவேண்டியது அவளுக்குத்தான். ஆனால் கேள்விகளை உட்கார்ந்து யோசிக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் வேறு வேலை இருப்பதில்லை. அவளுக்கு ஒரு கடை இருந்தது.

தையற்கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இடையில் செருகினாற்போல் இருந்த கடை. உள்ளே ஒரு நீள மேஜை, அதன்மேல் வயிறு திறந்துகிடக்கும் சிபியு பெட்டிகள், சுவரில் ஆணியடித்து மாட்டிய ஃபேன்கள். மேஜைக்குப் பின்னால் அவள் கணவர். வாசலை ஒட்டி ஒரு ஸ்டூலும் டெலிபோனும். அது அவள் இடம். முன்பெல்லாம் கம்ப்யூட்டரில் எந்தக் கோளாறு வந்தாலும் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான். பிறகு அப்படிப்பட்ட கடைகள் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. ஒருநாள் அவள் பெயர்ப்பலகையை மாற்றி எழுதச் சொன்னாள்: கம்ப்யூட்டர் சத்தம் குறைத்துத் தரப்படும். இதற்கென்று யார் வரப்போகிறார்கள் என்று கணவர் சிரித்தார். வந்தார்கள். எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடுகிற, ஆனால் ஓடும்போதெல்லாம் விமானம் கிளம்புவதுபோல் உறுமுகிற பெட்டியை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, அதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல் இருந்தவர்கள் அத்தனை பேர். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அதே அறையில் வேலை பார்க்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையோடு ஒரே மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள், காது கூர்மையானவர்கள், சும்மாவே எரிச்சல் வருகிறவர்கள்.

பலகையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரம்மா சத்தத்தையும் குறைத்துத் தருவீர்களா என்று கேட்காமல் எந்த ஆணும் அந்தக் கடையைத் தாண்டியதில்லை. ஒவ்வொருவரும் அதைத் தானே கண்டுபிடித்ததாக நினைத்துக்கொண்டார்கள். அவளும் ஒவ்வொரு முறையும் முகம் மாறாமல் ஒரே பதிலைச் சொன்னாள்.

"நேத்துதான் அவங்க வந்து உங்களோடதைக் குறைக்கச் சொல்லிட்டுப் போனாங்க."

வேலை என்னவோ எளிமையானதுதான். தூசியைத் தட்டி எடுப்பது, எண்ணெய் காய்ந்துபோன ஃபேனை மாற்றுவது, வேகமாகச் சுற்றுகிற சின்ன ஃபேனுக்குப் பதிலாக மெதுவாகச் சுற்றுகிற பெரிய ஃபேனைப் பொருத்துவது, ஸ்குரூவுக்கும் தகட்டுக்கும் நடுவில் ரப்பர் வளையம் போடுவது, உள்ளீடற்ற மேஜைமேல் உட்கார்ந்து மேஜையையே மத்தளமாக்கிக்கொண்டிருக்கும் பெட்டியை இறக்கித் தரையில் வைப்பது. கைதேர்ந்தவர் அவர். விநோதமாக இருந்தது அவளுடைய முறைதான். யார் போன் செய்து கம்ப்யூட்டர் சத்தம் போடுகிறது என்றாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி இது:

"எப்படி சத்தம் வருதுன்னு வாயால சொல்லிக் காட்டுங்க."

மறுமுனையில் ஒரு செருமல் கேட்கும். மரியாதையாக வாழ்ந்து பழகிய மனிதர்கள், கதவைச் சாத்திவிட்டு வந்து, டெலிபோனில் "கொர்ர்ர்" என்றார்கள். ஒரு தலைமையாசிரியர், இது தனக்குச் சரிப்படாது என்று வைத்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடி கூப்பிட்டு "ஙொய்ங்" என்று சொல்லிவிட்டு யாரோ துரத்துவதுபோல் வைத்துவிட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் இரண்டு மூன்று விதமாகச் செய்துகாட்டியும் திருப்தியடையாமல் இருக்க, பக்கத்திலிருந்த அவர் மனைவி போனைப் பிடுங்கி, அவர் செய்வது மோட்டார் சைக்கிள், அவர்கள் வீட்டுப் பெட்டி செய்வது வேறு என்று தானே செய்துகாட்டினார்.

கொர் என்றால் தூசி. டர்ர் என்றால் ஃபேன் இறக்கையில் ஏதோ ஒயர் உரசுகிறது. தடதட என்றால் பக்கத் தகடு ஆடுகிறது. டக், டக் என்று விட்டுவிட்டு வந்தால் மட்டும் அவள் குரல் மாறும். ஹார்ட் டிஸ்க் போகப்போகிறது, உள்ளே இருப்பதையெல்லாம் இப்போதே வேறு இடத்தில் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம் என்பாள். எப்போதும் சரியாகச் சொன்னாள் என்றும் கிடையாது. ஒருவர் கீச்கீச் என்று செய்துகாட்டியதைக் கேட்டு ஃபேன் காய்ந்துவிட்டது என்றாள். போய்ப் பார்த்தால் சிபியுவுக்குப் பின்னால் ஓர் எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது.

இப்படித்தான் சொல்லிக்காட்டு அக்கா என்ற பெயர் வந்தது. வைத்தது பக்கத்துக் கடைத் தையற்காரர். அந்தப் பெயரில் ஒரு குத்தலும் இருந்தது. சொல்லிக் காட்டுவது என்றால், செய்ததையும் செய்யாததையும் முகத்துக்கு நேரே எடுத்து வீசுவது என்றும் பொருள் உண்டே. அப்படிச் சொல்லிக் காட்டுகிற மனைவிமார்களைப் பற்றிப் பேசத் தையற்காரரிடம் நிறைய விஷயம் இருந்தது. அவளைப் பொறுத்தவரை அந்தப் பெயர் பாதிதான் உண்மை. ஊரில் எல்லோரையும் சொல்லிக் காட்டச் சொன்னவள், தன் வீட்டில் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக் காட்டியதே இல்லை.

அவள் கணவருக்குக் காது கேட்கவில்லை.

முழுக்க அல்ல. கடை போடுவதற்கு முன்னால் அவர் ஓர் ஆலையின் கம்ப்ரசர் அறையில் வேலை பார்த்தவர். அங்கே ஒருவரையொருவர் கத்தித்தான் கூப்பிடவேண்டும். கனத்த சத்தமெல்லாம் இன்னும் கேட்டது. மெல்லியதும் கூர்மையானதும் ஒவ்வொன்றாக அவரை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. அவளுக்கு அது தெரிந்தது காய்கறிக் கடையில். அவர் கைக்கடிகாரம் அவர் கையிலேயே கீகீ என்று கத்திக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தார். அவள் தக்காளியை வாங்குவதுபோல அவர் மணிக்கட்டைப் பிடித்து அந்தப் பொத்தானை அமுக்கினாள். எதையும் சொல்லவில்லை.

சொல்லியிருக்கலாம். சத்தத்தைக் குறைத்துத் தருவதாகப் பலகை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்குச் சத்தம் கேட்காது என்று வெளியே தெரிந்தால் கடையின் கதி என்ன என்று அவள் பயந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம். அதுவும் காரணம்தான். ஆனால் கடை போனால் வேறு கடை போட்டுக்கொள்ளலாம். ஒரு பெட்டியை மூடி, ஸ்விட்சைத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "ம், நின்னுடுச்சு" என்று அவர் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் நிறைவு இருக்கிறதே, அது போனால் எங்கே போய் வாங்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதனால்தான் அந்தக் கேள்வி. வாடிக்கையாளர்கள் வாயால் செய்துகாட்டுவதைக் கேட்டு, கோளாறு எங்கே என்று தானே ஊகித்து, டெலிபோனை வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொல்வாள்: ஃபேனில் ஒயர் உரசுதாம். தகடு ஆடுதாம். இழுத்து இழுத்து முனகுதாம். தன் காது கேட்டதையெல்லாம் கடைசியில் ஓர் 'ஆம்' சேர்த்து வாடிக்கையாளர் தலையில் கட்டிவிடுவாள். அவர் அதை வைத்துக்கொண்டு போவார். அங்கே ஸ்குரூடிரைவரின் கைப்பிடியைக் காதுக்குப் பின்னாலிருக்கும் எலும்பில் வைத்து, அதன் நுனியால் பெட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். அதிர்வு எலும்பு வழியாக வந்து சேரும். அதைப் பார்த்தவர்கள் டாக்டரைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்தார்கள். வேலை முடிந்தபின் அவள் போன் செய்து, ரிசீவரைக் கொஞ்சம் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள், கடையின் வழக்கம் இது என்பாள். ஏதாவது மீதி கேட்டால் மறுநாள் அவரிடம், இன்னும் கொஞ்சம் இருக்குதாம் என்பாள்.

இந்த ஏற்பாடு வருடக்கணக்கில் ஓடியது. அதில் ஓட்டை போட்டது ஒரு டப்பிங் அம்மா.

சினிமாவிலும் விளம்பரத்திலும் பிறர் வாயசைப்புக்குக் குரல் கொடுக்கிறவர் அவர். வயதாகிவிட்டதால் ஸ்டூடியோவுக்கு அலையாமல், வீட்டிலேயே ஒரு சிறிய அறையில் புத்தகங்களைப் படித்துப் பதிவுசெய்து அனுப்பிக்கொண்டிருந்தார். அவருடைய பதிவுகளில் குரலுக்கு அடியில் இழைபோல ஏதோ ஓடுகிறது என்று கம்பெனிக்காரர்கள் திருப்பி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அடுத்ததும் அப்படியே வந்தால் வேறு குரல் பார்த்துக்கொள்வோம் என்று நாசூக்காகச் சொல்லியும் விட்டார்கள். பழுது பார்க்க வந்த ஒருவர், உங்களுக்கு வயதாகிவிட்டது, அதெல்லாம் உங்கள் காதில்தான் இருக்கிறது என்றாராம்.

அக்கா வழக்கம்போல் சொல்லிக் காட்டச் சொன்னாள்.

"நான் கழுதைக்கே குரல் கொடுத்திருக்கேம்மா," என்றார் டப்பிங் அம்மா. "கைக்குழந்தைக்குக் கொடுத்திருக்கேன். செத்துப்போனவன் ஆவிக்கும் கொடுத்திருக்கேன். இந்தச் சத்தத்த மட்டும் என்னால சொல்லிக் காட்ட முடியல. அவ்ளோ மெலிசு. நேர்ல வந்து கேளுங்க."

ரிசீவரைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். டெலிபோனில் ஃபேன் இரைச்சல்தான் வந்தது. பெட்டியைக் கடைக்கு எடுத்துவர முடியுமா என்று கேட்டுப் பார்த்தாள். மாடியிலிருந்து தூக்க ஆள் இல்லை என்றார் அவர். அதற்குள் மேஜைக்குப் பின்னாலிருந்து கணவர், என்னவாம் என்று கேட்டுவிட்டார். அவள் சொல்லவேண்டியதாயிற்று. மத்தியானமே போய்ப் பார்த்துவிடலாம் என்றார் அவர், பையை எடுத்தபடி.

தானும் வருவதாக அவள் சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார். கடையை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டார். தையற்காரர் பார்த்துக்கொள்வார் என்றாள். போன் வந்தால் என்று கேட்டார். ஒருநாள் அடித்து ஓயட்டும் என்றாள். அந்த அம்மா சினிமாவில் குரல் கொடுத்தவர், ஒருமுறை பார்க்கவேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டாள். அவர் அதை நம்பினாரா என்று தெரியவில்லை. ஸ்குரூ டப்பாவை அவள் கையில் கொடுத்தார்.

டப்பிங் அம்மாவின் பதிவு அறை என்பது துணி அலமாரிக்குப் பக்கத்து மூலை. சுவரில் கம்பளிகள் தொங்கின; தரையில் மெத்தை; ஜன்னலில் தலையணைகள் அடைக்கப்பட்டிருந்தன. அந்த அறைக்குள் நுழைந்ததும் காதில் யாரோ பஞ்சு வைத்ததுபோல் இருந்தது. நடுவில் சின்ன மேஜை, மைக், அதற்குக் கீழே சிபியு. டப்பிங் அம்மா ஒல்லியானவர். தண்ணீர் குடிக்கிறீர்களா என்று அவர் கேட்டதே ஏதோ ராணி கேட்பதுபோல் இருந்தது.

கணவர் வேலையைத் தொடங்கினார். தகட்டைக் கழற்றினார். தூசியை எடுத்தார். ஸ்குரூடிரைவரை எலும்பில் வைத்துப் பார்த்தார். ஃபேன் ஒன்றை மாற்றினார். ஹார்ட் டிஸ்க்குக்குக் கீழே ரப்பர் கொடுத்தார். பெட்டியை மேஜைக் காலிலிருந்து தள்ளி மெத்தை ஓரத்தில் ஒரு மரப்பலகைமேல் வைத்தார். ஒவ்வொன்றுக்கும் அறை கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அவள் ஓரமாக நின்று, கடவுளே இதோடு போகட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் ஃபேன் இரைச்சல் அனேகமாக இல்லாமலே போயிற்று.

அப்போதுதான் அவளுக்கு அது கேட்டது. கனத்த சத்தம் விலகியதும், அதன் பின்னால் இத்தனை நேரம் ஒளிந்துகொண்டிருந்த மெல்லிய ஒன்று வெளிப்பட்டு நின்றது. ஊசியின் நுனிக்குக் குரல் இருந்தால் அப்படி இருக்கும்.

"சுத்தமா நின்னுடுச்சு," என்றார் அவர், துணியில் கையைத் துடைத்துக்கொண்டு. முகத்தில் அந்த நிறைவு இருந்தது.

"இப்பத்தாங்க நல்லாக் கேக்குது," என்றார் டப்பிங் அம்மா.

"எது?"

டப்பிங் அம்மா அவரைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். காலமெல்லாம் பிறர் உதட்டைப் பார்த்துப் பிழைத்தவர். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகியிருக்காது. ஆமாம், நின்றுவிட்டது என்று அவள் சொன்னால் கணவர் முகம் காப்பாற்றப்படும்; அந்த அம்மாவின் கடைசிப் பிழைப்பு போய்விடும், உன் காதில்தான் கோளாறு என்று சொல்கிறவர்களில் ஒருத்தியாக அவளும் ஆவாள். இல்லை, கேட்கிறது என்று சொன்னால் அத்தனை வருடக் காவலும் ஒரு வாக்கியத்தில் முடிந்துவிடும். எந்தப் பக்கமும் போக முடியாதவர்கள் செய்வதைச் செய்தாள். கையிலிருந்த டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

அவர் குனிந்து, ஏற்கெனவே இறுக்கியிருந்த ஒரு ஸ்குரூவை மறுபடி இறுக்கினார். இன்னும் ஒன்றை இறுக்கினார். பிறகு திரும்பாமலே பேசினார்.

"உனக்குக் கேக்குதுல்ல?"

அவள் டப்பா மூடியைத் திருகுவதை நிறுத்தினாள்.

"எப்படின்னு சொல்லிக் காட்டு."

"என்னத்தங்க?"

"ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் கேக்குறல்ல. இப்ப நீ சொல்லிக் காட்டு."

இத்தனை வருடத்தில் அவள் வாயால் ஒரு சத்தத்தையும் செய்துகாட்டியதில்லை. நீதிபதியும் தலைமையாசிரியரும் பட்ட கூச்சம் என்னவென்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஙீஈஈ" என்றாள். கொசு அழுவதுபோல் வந்தது.

"இன்னும் மேல போங்கம்மா," என்றார் டப்பிங் அம்மா, தொழில் நினைப்பில். "தொண்டைல வேணாம். மூக்குக்குப் பின்னாடி."

அவள் மேலே போனாள். டப்பிங் அம்மாவும் துணைக்குச் சேர்ந்தார். தனியாக வராத சத்தம் இருவராகச் சேர்ந்தபோது ஏறக்குறைய வந்துவிட்டது. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று, உதட்டைக் கோணி, "ஙீஈஈ" என்று இழுத்துக்கொண்டிருக்க, அவர் மெத்தையில் உட்கார்ந்தபடி அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டியின் சத்தம் அவருக்குக் கேட்கவில்லை. மனைவியின் சத்தம் கேட்டது. சிரித்துவிடுவார் போலிருந்தது. சிரிக்கவில்லை. இது எப்போதும் ஒரே மாதிரி வருகிறதா, ஏறி இறங்குகிறதா என்று கேட்டார். திரையில் பக்கத்தை நகர்த்தினால் ஏறுகிறது என்றாள் அவள். பதிவு ஓடும்போதும் ஏறுகிறது என்றார் டப்பிங் அம்மா.

அப்படியென்றால் சுற்றுகிற எதுவும் காரணமில்லை என்றார் கணவர். மின்சாரம் கூடிக் குறையும்போது பவர் சப்ளைக்குள்ளிருக்கும் கம்பிச் சுருள் இப்படிப் பாடும் என்றார். பையிலிருந்து வேறொரு பவர் சப்ளையை எடுத்தார். மாட்டிவிட்டு, ஸ்விட்சைப் போடுவதற்கு முன்னால், சத்தம் இருக்கிறவரை இரண்டு பேரும் கையைத் தூக்கிக்கொண்டிருங்கள் என்றார். வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைகளைப்போல் இருவரும் கையைத் தூக்கி நின்றார்கள். பெட்டி ஓடத் தொடங்கியது. திரையில் பக்கங்கள் நகர்ந்தன. முதலில் டப்பிங் அம்மாவின் கை இறங்கியது. அவள் கொஞ்சம் தாமதித்தாள். உண்மையாகவே கேட்கவில்லையா, அவருக்காகக் கேட்காமல் போகிறதா என்று தன் காதையே அவளால் நம்ப முடியவில்லை. மறுபடி கேட்டாள். இல்லை. கையை இறக்கினாள்.

அவர், ம், நின்றுவிட்டது என்று சொல்லவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கருவிகளைப் பொறுக்க ஆரம்பித்தார்.

திரும்பும்போது பேருந்தில் கூட்டம். எஞ்சின் உறுமியது, கண்ணாடிகள் ஆடின. அந்தச் சத்தத்தில் மெல்லப் பேசினால் அவருக்குக் கேட்காது. காதும் காதும் வைத்தாற்போல் இத்தனை வருடம் காத்த விஷயத்தை, பேருந்து முழுக்கக் கேட்கும்படி கத்திப் பேசவேண்டியதாயிற்று.

எப்போதிலிருந்து தெரியும் என்று அவர்தான் தொடங்கினார். அவள் தக்காளிக் கடையைச் சொன்னாள். அவர் தலையாட்டினார். தனக்கும் ஒன்று ரொம்ப நாளாகத் தெரியும் என்றார்.

"உரசுதாம், முனகுதாம், நடுங்குதாம்னு நீ சொல்லுவியே. நீதிபதியும் நம்ம ஜெராக்ஸ் கடைக்காரனும் ஒரே மாதிரியா பேசுவாங்க? எல்லார் வாயிலயும் உன் பேச்சுதான் வந்துச்சு."

அவளுக்கு முதலில் வந்தது வெட்கம். அது முழுதாக வந்துசேர்வதற்குள் கோபம் முந்திக்கொண்டது.

"தெரிஞ்சும் ஏன் வாயத் தெறக்கல?"

"நீ அவ்ளோ பாடுபட்டு ஏமாத்திட்டிருந்த. எதுக்குக் கெடுப்பானேன்னு இருந்தேன்."

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். இறங்குகிறவரை பேசக்கூடாது என்றுதான் இருந்தாள். முன் இருக்கையில் இருந்த பெண் திரும்பி, எங்கள் வீட்டுக்காரருக்கும் இதே கதைதான், காது டாக்டரிடம் காட்டுங்கள், மிஷின் கொடுப்பார்கள், ஆனால் கொடுத்தபிறகு அவரைப் பற்றி வீட்டில் எதுவும் பேச முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றாள். அவர், என்ன சொல்கிறார்கள் என்று மனைவியைக் கேட்டார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே, இனிமேல் நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்றாள்.

டாக்டரிடம் போனார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். நீண்ட நேரம் அவர் எதையும் அமுக்காமல் உட்கார்ந்திருந்ததை வெளியிலிருந்து பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை. எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டாள். ஆனால் மிஷினைப் பொருத்துகிற நாளில் அவள் பக்கத்திலேயே இருந்தாள். அதைக் காதில் வைத்துத் திருகிவிட்டு, ஏதாவது கேட்கிறதா என்று டாக்டர் கேட்டார். அவர் தலையைச் சாய்த்தார்.

"டாக்டர், உங்க கம்ப்யூட்டர்ல ஃபேன் காஞ்சு போயிருக்கு."

அதற்கப்புறம் கொஞ்ச நாளைக்கு அவர் பிறந்த குழந்தைபோல் இருந்தார். காகிதம் இவ்வளவு சத்தம் போடும் என்பது மறந்தே போயிருந்ததாம். தையற்காரர் இவ்வளவு பேசுவாரா என்று ஆச்சரியப்பட்டார். சில சத்தங்கள் தகரத்தைச் சுரண்டுவதுபோல் வருகின்றன என்று மிஷினைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அவள் பார்க்கிறாளா என்று பார்த்துவிட்டு மறுபடி மாட்டுவார். எல்லாம் திரும்பி வந்துவிடவில்லை. அந்த ஊசிச் சத்தம் மிஷினோடும் அவருக்கு முழுதாகக் கேட்டதில்லை. அதை இப்போது அவர் யாரிடமும் மறைக்கவில்லை. டெலிபோனில் பேசியவர்களிடம் அவளும் மறைக்கவில்லை. கடைக்கு ஒன்றும் ஆகவில்லை. டப்பிங் அம்மாவின் பதிவு திரும்பி வரவில்லை. அவர் இடம் அவருக்கே நின்றது. அவர் சொல்லி, குரலை வைத்துப் பிழைக்கிறவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். சத்தத்தைச் செய்துகாட்டுவதில் அவர்களுக்குக் கூச்சமே இல்லை. அவர்கள் போன் செய்தால் கடையே களைகட்டியது.

இனி எல்லாம் பழையபடி, ஆனால் பொய் இல்லாமல் நடக்கும் என்றுதான் எவரும் நினைத்திருப்பார்கள். அவர் மேஜையில், அவள் டெலிபோனில். அவள் இல்லாமல் அந்தக் கேள்விக்கே உயிர் கிடையாது என்று தையற்காரர்கூட ஒப்புக்கொண்டிருந்தார்.

ஒரு திங்கட்கிழமை கடையைத் திறந்ததும் அவள் நேராக உள்ளே போய் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அவரை வாசல்பக்க ஸ்டூலில் உட்காரச் சொன்னாள். அவர் வேடிக்கை என்று நினைத்து உட்கார்ந்தார். டெலிபோன் அடித்தது. நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள் என்று பேருந்தில் சொன்னதையே அவள் மறுபடி சொன்னாள்; எழவில்லை. அவர் எடுத்து, மிஷினுக்கு நேரே ரிசீவரைப் பிடிக்கத் தெரியாமல் திண்டாடி, கடைசியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எப்படிச் சத்தம் என்று கேட்டார். கேட்கவில்லை, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள் என்றார். மறுமுனையில் இருந்தவர் கத்தியது அவள் இடம்வரை கேட்டது. டர்ர் என்றார் அந்த மனிதர். கணவர் அதைக் கொர் என்று எடுத்துக்கொண்டு, தூசிதான், வந்து பார்க்கிறேன் என்றார். அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு பக்கத் தகட்டின் ஸ்குரூவைத் தொடர்ந்து கழற்றியது. அவர் போனார், தூசி இல்லாத பெட்டியைத் தட்டிப் பார்த்தார், உரசிய ஒயரைத் தானே கண்டுபிடித்துக் கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து வியர்த்துப்போய் வந்து சேர்ந்தார். அவள் எதுவும் கேட்கவில்லை.

மறுநாளும் அப்படியேதான் உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். நாளாக நாளாக அவருக்கு டெலிபோன் பிடிபட்டது. அவளுக்கு ஃபேன் மாற்ற வந்தது. அக்கா எங்கே, உடம்புக்கு ஏதாவதா என்று போனில் கேட்டவர்களிடம் அவர், நன்றாகத்தான் இருக்கிறாள், உங்கள் பெட்டியைத்தான் திறந்து வைத்திருக்கிறாள் என்றார். தையற்காரர் நேரிலேயே வந்து, வீட்டில் சண்டையா என்று கேட்டுப் பார்த்தார். டப்பிங் அம்மா பத்து விதமான குரலில் கேட்டுப் பார்த்தார்.

ஒருநாள் வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில், ஸ்டூலைத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவரும் கேட்டார்.

"இங்க உக்காந்திருந்தவ ஏன் அங்க போன?"

அவள் நிமிராமல் கையை நீட்டினாள்.

"அந்த ஸ்டார் ஸ்குரூடிரைவர இப்படிக் கொடுங்க."